ஆளிவிதையில் ஏன் சாய வாசம்?

பேரங்காடியில் ஆளிவிதைப் பொடியை வாங்கி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்து, இரண்டு மாதம் கழித்துத் திறந்து முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? பழைய எண்ணெய்ச் சாய டின்னைத் திறந்ததுபோல் ஒரு வாசம் வரும். நாக்கில் வைத்தால் கசக்கும். யாரும் அதில் எதையும் கலக்கவில்லை. எண்ணெய்ச் சாயம் சுவரில் காயும்போது நடக்கும் அதே வேதிவினைதான் அந்தப் புட்டிக்குள்ளும் நடந்திருக்கிறது.

ஆளிவிதையின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு எண்ணெய். அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 கொழுப்பு. இதன் மூலக்கூற்றில் 18 கரிம அணுக்கள் சங்கிலியாக நிற்கின்றன. இடையில் மூன்று இரட்டைப் பிணைப்புகள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே நிற்கும் கரிமத்திலிருந்து ஹைட்ரஜன் அணுவைப் பிடுங்குவது மிகச் சுலபம். அது போன இடத்தில் காற்றிலுள்ள உயிர்வளி வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சில சங்கிலிகள் உடைந்து வாசமுள்ள துண்டுகளாகும்; சில பக்கத்துச் சங்கிலிகளோடு பின்னிக்கொண்டு கெட்டியாகும். ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக வண்ணத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது இதற்காகத்தான். தண்ணீர் ஆவியாவதுபோல் அந்த எண்ணெய் ஆவியாவதில்லை. உயிர்வளியைப் பிடித்துக்கொண்டு படலமாக இறுகுகிறது.

ஓவியருக்கு நல்லது சமையலறைக்குத் தொல்லை. நம் உடலால் தானே செய்துகொள்ள முடியாத கொழுப்பு இது, உணவிலிருந்தே வரவேண்டும். ஆனால் சீக்கிரம் கெடும் கொழுப்பும் இதுவே.

அப்படியானால் அரைக்காமல் முழு விதையாகவே சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். முழு விதை பல மாதம் கெடாது; வழவழப்பான தோல் காற்றை உள்ளே விடாது. சிக்கல் என்னவென்றால், அந்தத் தோல் நம் செரிமான நீரையும் எளிதில் உள்ளே விடாது. மெல்லாமல் விழுங்கிய விதைகளில் பெரும்பாலானவை போன உருவத்திலேயே வெளியே வந்துவிடும். ரொட்டியின் மேல் முழு விதையைத் தூவுவது பெரும்பாலும் அழகுக்குத்தான் என்பேன்.

ஆகவே முழு விதையாக வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மிக்சியில் அரைத்து, காற்றுப் புகாத புட்டியில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நம் ஊரின் 30 பாகை வெயிலில் வேகமாக நடக்கும் வினை அங்கே மெதுவாகிவிடும்.

ஒரு மேசைக்கரண்டிப் பொடி சுமார் 7 கிராம். அதில் இந்தக் கொழுப்பு ஏறத்தாழ 1.6 கிராம். 14 முதல் 18 வயதுவரையுள்ள பையன்களுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம், பெண் பிள்ளைகளுக்கு 1.1 கிராம் என்பது அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்களின் கணக்கு. ஒரு கரண்டியே போதும். அதைத் தயிரிலோ ஓட்ஸ் கஞ்சியிலோ கலக்கலாம். சப்பாத்தி மாவில் பிசையலாம். மாவுக்குள் இருக்கும் பொடி அடுப்புச் சூட்டை ஓரளவு நன்றாகவே தாங்கும். தனியாகப் பிழிந்த எண்ணெய் அப்படித் தாங்காது. அதில் தாளிக்கவோ பொரிக்கவோ கூடாது; சாலட்டின் மேல் ஊற்றிக்கொள்ளலாம். மகாராஷ்டிராவில் விதையை லேசாக வறுத்து, பூண்டும் மிளகாயும் சேர்த்து இடித்துச் சட்னிப் பொடியாக்குகிறார்கள். இட்லிக்கும் அது பொருந்தும்.

விதைத் தோலில் இன்னொரு பொருளும் உண்டு. ஐஸ் பானத்தில் சப்ஜா விதையைச் சுற்றி வழவழவென்று ஒன்று ஊறி நிற்குமே, அதுபோன்ற பசை. ஒரு கரண்டிப் பொடியில் மூன்று கரண்டித் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் முட்டை வெள்ளைபோல் இழுபடும். வாழைப்பழக் கேக்கில் ஒரு முட்டைக்குப் பதில் இதைச் சேர்க்கலாம். முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் பஞ்சு கேக்குக்கு மட்டும் உதவாது; பசை பிடித்துக்கொள்ளும், நுரைக்காது. தண்ணீரை இழுக்கும் குணம் இருப்பதால் பொடியை வெறும் வாயில் போட்டு விழுங்காதீர்கள். கூடவே நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

கரண்டிக் கணக்கைக் கூட்டினால் சத்தும் கூடும் என்று நினைக்கவேண்டாம். மரவள்ளிக்கிழங்கில் இருப்பதுபோல், பச்சை ஆளிவிதையிலும் சயனைடை வெளிவிடும் பொருள்கள் சிறிதளவு உண்டு. ஒரு கரண்டியை உடல் எளிதில் சமாளிக்கும். மீனுக்கு இது முழு மாற்று என்பதும் சரியல்ல. மீனில் உள்ள டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது. ஆளிவிதைக் கொழுப்பில் மிகச் சிறு பங்கையே நம் உடல் அதுவாக மாற்றுகிறது. சந்தையில் இக்கான் கெம்போங் என்று விற்கும் கானாங்கெளுத்தியில் அது நேராகவே கிடைக்கும்.

வீட்டில் ஆளிவிதை எண்ணெய் இருந்தால் ஒரு கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு வைத்து மெல்லியதாகத் தேயுங்கள். பக்கத்தில் தேங்காய் எண்ணெயையும் அப்படியே தேய்த்து, இரண்டு வாரம் நாள்தோறும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவான தேங்காய் எண்ணெய் ஈரமாகவே இருக்கும். மற்றது பிசுபிசுத்துப் பிறகு இறுகும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்துப் போடாதீர்கள். உயிர்வளியோடு சேரும்போது வெப்பம் வெளிப்படும். குவியலுக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். சோப்புப் போட்டு அலசி, விரித்துக் காயவிடுங்கள்.