லயத்திலிருந்து தில்லைக்கு

சென்ற வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, அட்டனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி விடைபெற வந்திருந்தாள். அவள் தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். இந்திய அரசின் புலமைப்பரிசில் பெற்றுச் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகருக்கு வாய்ப்பாட்டுப் பயிலச் செல்கிறாள். முதற் பருவம் தொடங்கச் சில நாட்களே உள்ளன.

மகிழ்ந்திருக்க வேண்டிய முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டேன். “ஐயா, அம்மாயி மூன்று நாளாய் அழுகிறார். இந்தியாவுக்குக் கோச்சி ஏறியவர்களில் யார் திரும்பி வந்தார்கள் என்று கேட்கிறார்” என்றாள். சற்றுத் தயங்கியபின், “அங்கே உடன் படிப்பவர்கள் தம்புராவும் வீணையும் கேட்டு வளர்ந்திருப்பார்கள். நான் தப்புச் சத்தம் கேட்டு வளர்ந்தவள். அதை அங்கே சொல்லலாமா?” என்றும் வினவினாள்.

இவ்விரு வினாக்களும் அவளுக்கு மட்டும் உரியன அல்ல. ஆதலின், அவளுக்குக் கூறிய விடையை ஈண்டு வாசகர் முன்னும் வைக்கின்றேன்.

முதல் வினா வரலாற்றினின்று எழுந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவர் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியராயினர். தலைமன்னார்க் கப்பலுக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தனர். அம்மாயி அழுவது அந்த வண்டியை நினைந்து. பேர்த்தியின் கையில் இருப்பதோ இலங்கைக் கடவுச்சீட்டு. ‘போ’ என்று அனுப்பப்படுதல் வேறு. ‘போய் வருகிறேன்’ என்று தானே புறப்படுதல் வேறு. இவ்வேறுபாட்டை அம்மாயிக்கு எடுத்துரைப்பது அவளது முதற் கடமை என்றேன்.

இரண்டாம் வினா இசையைப் பற்றியது. அவள் செல்லும் இடம் அயலாருடையதன்று. 1929இல் அண்ணாமலை அரசர் நிறுவிய இசைக் கல்லூரி, தமிழிசை இயக்கத்துக்குத் தொட்டிலாய் விளங்கியது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். பழந்தமிழிசையை ஆய்ந்து அவர் எழுதிய ‘யாழ்நூல்’ 1947இல் வெளிவந்தது. ஈழத்தவர்க்கு அவ்வாயில் முன்னரே திறக்கப்பட்டதாகும்.

தில்லை என்றவுடன் நந்தனார் நினைவுக்கு வருகிறார். கோபாலகிருஷ்ண பாரதியார் தமது நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், பெரிய புராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் படைத்தார். அவ்வாண்டை விடை கொடுத்தாலன்றி நந்தன் வயலைவிட்டு நகர இயலாது. நம் முன்னோர் நிலையும் அதுவே. கடன் கணக்கு எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் பெயர முடியாதிருந்த காலம் உண்டு. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. நாளைப் போவேன் என்றே நாளைக் கழித்தவர்களின் வழித்தோன்றல் இன்று போகிறாள். அவள் தலைகுனிந்து போகலாமோ?

தப்பைப் பற்றியும் கூறினேன். விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு நம் மக்களை அழைத்தது தப்பு. காமன் கூத்தில் மதனும் இரதியும் ஆடுவது தப்பின் அடிக்கே. இறந்தாரை வழியனுப்புவதும் அதுவே. வரிசை வீடுகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம் மக்கள் நாவில் ‘லயம்’ என மருவிற்று. இசையிலும் லயம் என்றொரு சொல் உண்டு. லயத்தில் பிறந்தவளுக்கு லயம் புதிதன்று. ஆனந்தபைரவி, புன்னாகவராளி, செஞ்சுருட்டி முதலிய இராகங்கள் நாட்டார் மெட்டுகளோடு நெருங்கிய உறவுடையன என்பதை இசையறிஞர் உடன்படுவர். அம்மாயியின் தாலாட்டும் ஒப்பாரியும் அவ்வூற்றின் நீரே.

எனினும், பெருமிதம் பயிற்சிக்கு ஈடாகாது. அங்கே மாயாமாளவகௌளையில் சரளி வரிசையிலிருந்து மீண்டும் தொடங்கச் சொன்னால், நாணாமல் தொடங்க வேண்டும். ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாக் குளிரில் பழகிய தொண்டை, கடலோரச் சமவெளியின் வெப்பத்தில் சில வாரம் இணங்க மறுக்கும். தம்புராவும் தட்பவெப்பம் மாறினால் சுருதி கலையும். அது தம்புராவின் குற்றமன்று. பிருடையைத் திருகி, மணியை நகர்த்தி, மீண்டும் கூட்டிக்கொள்வோம். வெளிநாட்டில் முதற் பருவம் என்பதும் அத்தகைய சுருதி கூட்டலே. கூட்டும்போது நரம்பை மாற்றிவிட வேண்டியதில்லை.

இறுதியாக ஒன்று வேண்டினேன். மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்துப் பாடல்களைத் திரட்டி எழுத்தில் காத்தார். அவற்றின் சொற்கள் ஏட்டில் உள்ளன. மெட்டுகளோ முதியோர் நாவில்தான் வாழ்கின்றன. அம்முதியோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். சுரம் அறிந்தோர் எழுதி வைத்தாலன்றி அவை அவர்களோடே போய்விடும். “புறப்படுமுன் அம்மாயி பாடுவதைப் பதிவு செய்துகொள். சுரப்படுத்தக் கற்றபின் முதலில் அதனை எழுது. படிப்பு முடிந்ததும் வந்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு” என்றேன்.

மறுநாள் இரவு தொலைபேசியில் அழைத்தாள். கைப்பேசியில் ஐந்து தாலாட்டுகள் பதிவாகியுள்ளனவாம். “அம்மாயி அழுகையை நிறுத்திவிட்டார், ஐயா. நான் பிழையாகப் பாடினால் திருத்துகிறார்” என்றாள்.

அவளது முதற் பருவம் அண்ணாமலைநகரில் அன்று. அந்த லயத்து அடுப்படியிலேயே தொடங்கிவிட்டது.