உங்களுக்குத் தெரியுமா? - பஞ்சர்!

பெங்களூரில் கன்னடர், தமிழர், தெலுங்கர் என யார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் கடைக்காரரிடம் சொல்வது ஒரே சொல்தான்: பஞ்சர். 'குத்துதல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது இது. பாயிண்ட், பங்க்சுவல், அக்குபங்சர் எல்லாம் இதன் உறவுகளே.

தொடக்கத்தில் இந்தச் சொல்லுக்கும் டயருக்கும் தொடர்பே கிடையாது. கெட்டி ரப்பர் சக்கரத்தில் ஆணி குத்தினால் என்ன போய்விடும்? பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயர் செய்து 1888-இல் காப்புரிமை பெற்றார். அந்த டயர் பரவிய பிறகுதான் பஞ்சர் தெருவுக்கு வந்தது.

மருத்துவமனையிலும் பஞ்சர் உண்டு. முதுகின் கீழ்ப்பகுதியில் எலும்புகளின் இடையே மெல்லிய ஊசி செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரைச் சிறிது எடுப்பதே 'லம்பார் பஞ்சர்'. 1891-இல் ஜெர்மன் மருத்துவர் க்விங்கே இதை வகுத்தார். மூளையுறைக் காய்ச்சலை உறுதிசெய்ய இன்றும் இதுவே முக்கியமான வழி. நம் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இது அன்றாட வேலை. "முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்" என்று பயந்து மறுக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே.

பஞ்சரானால் மாட்டும் 'ஸ்டெப்னி' ஓர் ஊரின் தெருப் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் தொடங்கிய உதிரிச் சக்கரக் கம்பெனியின் நினைவு அது. பிரிட்டனில் மறைந்த சொல், நம் மெக்கானிக்குகளிடம் உயிரோடு இருக்கிறது.

பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்டில் அடிக்கடி டயர் பஞ்சரானதால் சந்தேகப்பட்டவர், அந்த வழியே வேலைக்குப் போய்வந்த பொறியாளர் பெனடிக்ட் ஜெபகுமார். குனிந்து பார்த்தால் சாலையோரமெங்கும் ஆணிகள். பஞ்சர் ஒட்டும் வியாபாரத்துக்காக யாரோ வேண்டுமென்றே போடுகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. முதலில் கையால் பொறுக்கினார், பிறகு காந்தக் குச்சியால். அவர் சேர்த்த ஆணிகள் 30 கிலோவைத் தாண்டியதாக 2015 வாக்கில் செய்தித்தாள்கள் எழுதின. வேகமாகப் போகும் பைக்கில் முன்சக்கரக் காற்று சட்டென்று இறங்கினால் உயிரே போகலாம். ஆகவே அவர் செய்தது உயிர் காக்கும் வேலை என்றே சொல்வேன்.

டியூப்லெஸ் டயரில் ஆணி தெரிந்தால் நடுவழியில் பிடுங்காதீர்கள். ஓட்டையை ஓரளவு அடைத்து நிற்பதே அந்த ஆணிதான். காற்று இருந்தால் மெதுவாகக் கடை வரை ஓட்டிப் போங்கள். ஒரே இடத்தில் ஆணிகள் கொட்டிக் கிடந்தால் போக்குவரத்துப் போலீசுக்குத் தகவல் சொல்லுங்கள்.