பாந்த்ராவில் கைவிடப்பட்ட பையன்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பிள்ளையைப் பார்த்து, 'இவன் என்ன ஆவானோ' என்று கவலைப்படும் பெற்றோர் நம் கீழக்குயில்குடியிலும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல பிரேம் கணபதியின் கதை இருக்கிறது.

தூத்துக்குடிப் பக்கம் நாகலாபுரத்துக்காரர். 1990-ல், 17 வயதில், மாதம் 1,200 ரூபாய் சம்பளம் என்று ஒருவர் சொன்னதை நம்பி, வீட்டுக்குத் தெரியாமல் மும்பைக்குப் போனார். கூட்டிப்போன ஆள் இருந்த பணத்தையும் எடுத்துக்கொண்டு பாந்த்ராவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். இந்தி தெரியாது. இரக்கப்பட்ட தமிழர்கள் ஊர் திரும்ப டிக்கெட்டுக்குப் பணம் தர முன்வந்தும் மறுத்துவிட்டார்.

மாஹிமில் ஒரு பேக்கரியில் பாத்திரம் கழுவினார். சம்பளம் 150 ரூபாய். 1992-ல் வாஷி ரயில் நிலையத்துக்கு எதிரே வாடகைத் தள்ளுவண்டியில் இட்லி, தோசை. உரிமம் இல்லாததால் வண்டியை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போவார்கள்; அபராதம் கட்டி மீட்பார். 1997-ல் முன்பணம் 50,000 கொடுத்துக் கடை பிடித்தார்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய தோல்விதான். சீன உணவகம் ஒன்று தொடங்கி, மூன்றே மாதத்தில் மூடினார். ஆனால் அங்கே பழகிய செஷ்வான் கைப்பக்குவத்தைத் தோசைக்குள் வைத்தார். கல்லூரிப் பிள்ளைகள் தேடி வந்தார்கள். தோசை வகைகள் நூறைத் தாண்டின. 2003-ல் வாஷி சென்டர் ஒன் வளாகத்தில் 'தோசா பிளாசா' திறந்தது. பின்னர் நியூசிலாந்து, துபாயிலும் கிளைகள் வந்தன.