தென்னவரா, தெற்கத்திக்காரரா?

இத்தாலியச் செய்தியைத் தமிழில் தர உட்காருகிறவர்களை ஒரு சொல் நிறுத்திவிடும். ‘மெரிதியொனாலே’: அந்நாட்டின் தென்பகுதிக்காரர். ‘தென்னவர்’ என்று எழுதிவிட்டுப் போகலாம், அகராதிப்படி தப்பில்லை. ஆனால் தமிழில் தென்னவன் என்றால் பாண்டியன். மீன்கொடியும் மதுரையும் தமிழ்ச் சங்கமும் அந்தச் சொல்லோடு கூடவே வந்து நிற்கும். இத்தாலியின் வடக்கே டூரின் நகரத்திலோ, 1950களிலும் 60களிலும் ‘தென்பகுதியினருக்கு வாடகைக்கு இல்லை’ என்று வீட்டு வாசலில் பலகை தொங்கியது. கார்த் தொழிற்சாலை வேலைக்கு மூட்டை முடிச்சோடு ரயிலேறி வந்தவர்களுக்கான பலகை அது. பாண்டிய மன்னனை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தவா முடியும்?

சொல் பிறந்தபோது அதில் வசை இல்லை. லத்தீனில் ‘மெரிதியெஸ்’ என்றால் நடுப்பகல். ரோமாபுரியில் நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். எனவே நண்பகலே தெற்காயிற்று. தென்பிரான்சுக்கு ‘மிதி’, தென் இத்தாலிக்கு ‘மெட்சோஜோர்னோ’ என்ற பெயர்களுக்கும் ‘பகலின் நடு’ என்றே பொருள். ருமேனிய மொழியிலும் அப்படித்தான். லத்தீன் குடும்பத்தில் சேராத போலிஷ் மொழியில்கூட நண்பகலுக்கும் தெற்குக்கும் ஒரே சொல்.

பெங்களூருவில் இந்தக் கணக்கு எடுபடாது. ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் ஊர் இது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே உச்சிவெயில் சூரியன் சற்று வடக்கே நிற்கிறது. ரோமானியன் இங்கே பிறந்திருந்தால் தெற்குக்கு வேறு பெயர் தேடியிருப்பான்.

லத்தீனில் இன்னொரு சொல்லும் உண்டு: ‘ஆஸ்டர்’, தென்காற்று. அதிலிருந்து வந்ததுதான் ஆஸ்திரேலியா. (ஆஸ்திரியாவை இதோடு சேர்க்கக் கூடாது, அது ‘கிழக்கு ராஜ்யம்’ என்ற ஜெர்மன் பெயரின் லத்தீன் வடிவம்.) நம் தென்றலும் தெற்கின் பெயரால் அமைந்த காற்றுதான். ஆனால் இரண்டின் சுபாவமும் வேறு. ரோமானியரின் ஆஸ்டர் புழுக்கத்தையும் மழையையும் கொண்டுவரும். நம் கவிஞர்களுக்குத் தென்றல் இல்லாமல் வசந்தம் இல்லை. ‘தென்’ என்பதற்கு இனிமை, அழகு என்றும் அகராதி பொருள் சொல்கிறது. மறைந்த முன்னோர்கூட நமக்குத் தென்புலத்தார்.

சமஸ்கிருதத்தின் ‘தட்சிண’ வேறு வழியில் வந்தது. கிழக்கு நோக்கி நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு. வலப்பக்கத்தைக் குறிக்கும் லத்தீன் ‘டெக்ஸ்டர்’ இதன் உடன்பிறப்பு. தக்காணம், டெக்கான், தக்கனி உருது எல்லாம் இந்த வலக்கையின் வாரிசுகள்.

தமிழனோ சூரியனையும் கையையும் விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தான். மேட்டுப்புறம் மேற்கு, கீழ்ப்புறம் கிழக்கு. கேரளத்தில் கிழக்கேதான் மலை. ஆனாலும் மலையாளிக்கு அது கிழக்குதான். மலையாளம் தமிழிலிருந்து கிளைத்தது என்பதற்குக் கால்டுவெல் காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. கன்னடத்தில் மூடல், படுவல் என்று சூரியன் உதிப்பதும் படுவதும் திசைகளாயின. தெற்குக்கு நம்மைப் போலவே ‘தெங்க’. இன்று அந்தச் சொல் யட்சகானத்தின் ‘தெங்குதிட்டு’ பாணியிலும் இன்னும் சில பெயர்களிலும்தான் பளிச்சென்று தெரிகிறது. அரசுப் பலகைகளைத் தட்சிணம் பிடித்துக்கொண்டது. 2025இல் ராமநகர மாவட்டத்துக்குப் புதுப் பெயர் வைத்தபோதும் ‘பெங்களூரு தட்சிண’ என்றே வைத்தார்கள்.

திசை ஒரு ஜனத்தின் பெயராகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வைப்பவன் எப்போதும் அடுத்த பக்கத்தில் நிற்பவன். டெல்லிக்காரர் ஒருவருக்குப் பெங்களூருக் கன்னடியரும் ‘மதராசி’தான். மதராஸ் மாநிலம் 1969இல் தமிழ்நாடாகி, தலைநகர் 1996இல் சென்னையாகிவிட்ட பிறகும் அந்தப் பெயர் சாகவில்லை.

நாமும் சளைத்தவர்கள் அல்ல. வேங்கடத்துக்கு அப்பால் இருந்தவர்களை வடக்கத்தியார் என்ற பொருளில் ‘வடுகர்’ என்றோம். சங்கப் பாட்டில் அவர்கள் சீறும் நாய்களோடு, நமக்குப் புரியாத பேச்சோடு வருகிறார்கள். நீலகிரியின் படகர் பெயரிலும் இருப்பது வடக்குதான். மைசூர்ப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம்; படகர்களிலேயே சிலர் இதை ஏற்பதில்லை.

இப்போது புதிதாக ‘வடக்கன்’ வந்திருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சென்னைக் கட்டட வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற தொழிலாளி மேல் ஒட்டப்படும் பெயர். டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொல்லப்படுவதால் அதன் முள் பலருக்கு உறைப்பதில்லை. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, கூட்டம் கூட்டமாக ரயிலேறி ஊர் திரும்பினார்கள். வீடியோ பொய்யாக இருக்கலாம். அதை உடனே நம்பவைத்த பயம் எங்கிருந்து வந்தது? பாஸ்கர் சக்தி இயக்கிய படத்துக்கு ‘வடக்கன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தணிக்கைக் குழு அந்தப் பெயரை ஏற்க மறுத்ததால், 2024இல் அது ‘ரயில்’ என்ற பெயரில் வெளியானது. அந்தத் தொழிலாளி வந்து இறங்கியதும் ரயிலில்தானே.

டூரின் பலகையின் தொனி தமிழில் அப்படியே ஒலிக்க வேண்டுமானால் இன்றைக்கு அதற்குப் பொருந்துவது ‘வடக்கன்’தான். தெற்கத்தியரைத் திட்டும் சொல்லுக்கு வடக்கத்தியரைத் திட்டும் சொல்! ஆனால் அச்சில் போட்டால் வாசகருக்குத் திசை தப்பிவிடும். மதுரை, நெல்லைக்காரர்களைச் சென்னையில் குறிப்பிடும் ‘தெற்கத்திக்காரர்’ ஓரளவு கைகொடுக்கிறது. வாடகைப் பலகை வருகிற இடத்தில் கடைசி ‘ர்’ஐ ‘ன்’ ஆக்கிக்கொண்டால் போதும்.