தந்தைக்கு ஒரு மடல்

எஞ்சின் பூட்டிய விமானத்தில் ரைட் சகோதரர்கள் பறந்த நாள் 1903 டிசெம்பர் 17 என்பதை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கின்றனர். மூன்று நாட்களுக்கு முன் நடந்ததைப் பலர் அறியார்.

டிசெம்பர் 14 அன்று அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையில் சகோதரர் இருவரும் நாணயம் சுண்டினர். மூத்தவரான வில்பருக்கு முதல் வாய்ப்புக் கிட்டியது. அத்தகைய விமானத்தை ஓட்டக் கற்பிக்க எவருமில்லை. ஆசிரியரும் மாணவரும் அவரே. தண்டவாளத்தை விட்டு எழுந்ததும் விமானத்தின் முகப்பை அளவுக்கு மீறி உயர்த்தினார். வேகம் தளர்ந்தது. திருத்துவதற்குள், மூன்றரைச் செக்கனில், விமானம் மணலில் மோதிச் சேதமுற்றது.

அன்றே தந்தைக்கும் தங்கைக்கும் மடல் வரைந்தார். (தந்தை மில்டன் ரைட் ஓர் ஆயர், நம் திருச்சபையினர் அல்லர்.) உண்மைக் காரணம் தமது கணிப்புத் தவறே என்று அதில் ஒளிவின்றி எழுதினார். இறுதி வெற்றியில் ஐயமில்லை என்பதும் அதே மடலில் இருந்தது. 17ஆம் திகதி, அன்றைய நான்காவது பறப்பில், அவர் 59 செக்கன்கள் வானில் நின்றார்.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்து இளைய மகனை எண்ணிப் பாருங்கள். நாட்டில் கொடும் பஞ்சம் நிலவியது உண்மை. ஆயினும் தந்தையிடம் அவன் பஞ்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாமோ ஒப்புரவு அருட்சாதனத்தில் அயலவரின் பாவங்களையே அதிகம் அறிக்கையிடுகிறோம்!

பெற்றோரே, பரீட்சையில் தவறிய உங்கள் பிள்ளை, அன்று மாலையே உங்கள் முன் வந்து, "தவறு என்னுடையதே" என்று அச்சமின்றிச் சொல்ல உங்கள் இல்லத்தில் இடமுண்டா?