உயிர்மீன் தொட்டி: சிறு படகில் எந்த இடத்தில் வைப்பது?



ஒரே களவா மீன்தான். ஐஸ்பெட்டியில் வந்தால் ஒரு விலை, துள்ளத் துள்ள வந்தால் வேறு விலை. சிங்கி இறாலுக்கும் நண்டுக்கும் இதே கதைதான். அதனால் தூண்டில், கூண்டு போடும் ஃபைபர் படகுக்காரர்கள் பலருக்கும் ‘நம்ம படகிலும் ஒரு தொட்டி வைச்சா என்ன?’ என்ற எண்ணம் வருவது இயல்பு. வைக்கலாம், தப்பில்லை. ஆனால் இடம் தவறினால் மீனும் பிழைக்காது, படகும் நிலை தடுமாறும். அதனால் ஃபைபரை வெட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

தண்ணீருக்கும் எடை உண்டு

கடல் தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 200 லிட்டர் தொட்டி என்றால் 205 கிலோ. மூன்று ஆட்களைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். அந்த மூன்று பேரும் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே உட்கார வைப்பீர்கள்? தொட்டிக்கும் அதே இடம்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 200 கிலோ தொட்டியை நடுக்கோட்டிலிருந்து ஒரே ஒரு அடி பக்கவாட்டில் தள்ளி வைக்கிறீர்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, படகின் ஓரமாகவே இறங்காமல் நிற்பது போல அது படகைச் சாய்த்துக்கொண்டே இருக்கும். வலை இழுக்க ஆட்களும் அதே பக்கம் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நிறைந்த தொட்டியை விடப் பாதித் தொட்டிதான் ஆபத்து

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கழுத்துவரை நிறைந்த தொட்டியில் தண்ணீர் நகர இடமில்லை, அது கல் மாதிரி கிடக்கும். பாதி நிறைந்த தொட்டியிலோ படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தண்ணீர் ஓடும். சாய்ந்த படகு நிமிரப் பார்க்கும் நேரத்தில், ஓடி வந்த தண்ணீர் அதை மேலும் சாய்க்கும்.

தொட்டியின் குறுக்கு அகலத்தைப் பொறுத்து இந்த ஆபத்து வேகமாக ஏறும். நீளம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் இரண்டு மடங்கானால் பாதிப்பு எட்டு மடங்காகிவிடும். ஆகவே தொட்டியின் நீண்ட பக்கம் படகின் நீளவாக்கில் இருக்கட்டும், குறுக்கே வேணாம். அகலமாகத்தான் வேண்டும் என்றால் நடுவில் நீளவாக்கில் ஓட்டையில்லாத தடுப்பு ஒன்று வைத்து இரண்டு அறையாக்குங்கள். பாதிப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். தொட்டியின் வாய் சிறியதாகவும், மூடி இறுக்கமாகவும் இருப்பது நல்லது.

சரி, எங்கே வைப்பது?

சுருக்கமாகச் சொன்னால்: நடுக்கோட்டில், படகின் தரையோடு தாழ்வாக, நீளத்தில் பாதிக்குச் சற்றுப் பின்னால். காரணங்கள் இவை.

அணியத்தில் (முன்பக்கம்) வைத்தால் மூக்கு கனத்து, எதிர் அலையில் படகு குத்தும். அலையில் அதிகமாக ஏறி இறங்குவதும் முன்பக்கம்தான். மீன் சுவரில் மோதி, செதில் உதிர்ந்து, கரைக்கு வரும் முன்னரே சோர்ந்துவிடும்.

அமரத்தில் (பின்பக்கம்) ஏற்கெனவே என்ஜின், எரிபொருள் கேன், ஓட்டுபவர் எல்லாம் உண்டு. அங்கேயே தொட்டியையும் வைத்தால் பின்பக்கம் அமிழ்ந்து, பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறிவிடும். டீசல், பெட்ரோல் சொட்டு ஒன்று தொட்டியில் விழுந்தாலும் அன்றைய மீன் போச்சு.

படகு ஏறி இறங்கும்போது மிகக் குறைவாக அசைவது நடுப்பகுதிதான். ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் தெரியாதது போல, மீனுக்கும் அங்கே அலுப்பு குறைவு.

‘அந்த இடத்தில்தானே வலை கிடக்கும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வலைதான் உங்களுக்கு முதன்மை என்றால் தொட்டியின் அளவைக் குறையுங்கள், இடத்தை மாற்றாதீர்கள். 100 லிட்டர் தொட்டி நடுவில் இருப்பது, 250 லிட்டர் தொட்டி ஓரத்தில் இருப்பதை விட மேல். வலை இழுக்கும் பக்கம் கால் வைக்க இடம் விட்டுக்கொள்ளுங்கள். உள்ளே பொருத்திய டீசல் என்ஜின் என்றால், அதன் சூடு தொட்டியைத் தாக்காதபடி இடைவெளியும் வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்க வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும், அடைத்து மூடிய மிதவை அறையைத் திறந்து தொட்டியாக்காதீர்கள். இடம் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றும். ஆபத்து நேரத்தில் நீங்கள் பிடித்துக்கொண்டு மிதக்கப் போவது அதை நம்பித்தான்.

தண்ணீர் வரும் வழி, போகும் வழி

சிறு படகுக்கு அடியில் ஓட்டை போடாமல், 12 வோல்ட் பம்பு ஒன்றும் பக்கவாட்டில் இறக்கிய குழாயும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஓட்டை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் கையால் உடனே மூடக்கூடிய வால்வு கட்டாயம். தண்ணீர் எடுக்கும் குழாய் என்ஜின் கழிவு வெளியேறும் இடத்துக்கு முன்னால் இருக்கட்டும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் முழுதும் மாறும் அளவுக்குப் பம்பு இருந்தால் நல்லது. 150 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 900 லிட்டர். மிகுதி நீர் வெளியேறும் குழாய் தொட்டியின் உச்சியில் இருக்க வேண்டும். அப்போதுதான் தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும். அந்தக் குழாய் நேரே கடலுக்குப் போகட்டும், படகுக்குள் விடாதீர்கள். தொட்டியின் மூலைகள் வளைவாக இருந்தால் மீன் முட்டிக்கொண்டு காயப்படாது. மேலே நிழலும் வேண்டும்.

முகத்துவாரத்துக்குள் நுழையும்போது பம்பை நிறுத்திவிடுங்கள். அங்குள்ள சேற்றுத் தண்ணீரும் உப்புக் குறைவும் மீனுக்கு ஆகாது. காற்றுக்குமிழி விடும் சிறிய மோட்டார் இருந்தால் அந்தக் கொஞ்ச நேரத்தைச் சமாளிக்கலாம்.

கரையேறும் படகுகளுக்கு

துறைமுகம் இல்லாமல் மணலில் நேரே ஏறும் படகா உங்களுடையது? போகும்போது காலித் தொட்டியோடு அலையைத் தாண்டுங்கள், தாண்டிய பிறகு நிரப்புங்கள். திரும்பும்போது தொட்டி ஒன்று முழுதாக நிறைந்து மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் காலியாக இருக்க வேண்டும். பாதியோடு அலைக்குள் வரவே கூடாது. தரை தட்டியதும் தண்ணீரை வடிக்க அடியில் ஒரு அடைப்பான் வைத்துக்கொண்டால் படகை இழுப்பதும் எளிது.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை

1. எரிபொருள், வலை, ஆட்கள் எல்லாம் ஏறியதும் அமைதியான தண்ணீரில் படகை நிறுத்தி, முன், பின், இரு பக்கம் என நான்கு இடத்தில் நீர்மட்டத்தைக் குறியிடுங்கள்.
2. 20 லிட்டர் கேன்கள் பத்தில் தண்ணீர் நிரப்பி, தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் நகராதபடி கட்டுங்கள். 200 லிட்டர் ஆயிற்று.
3. மறுபடி நீர்மட்டம் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே அளவு இறங்கியிருந்தால் இடம் சரி. ஒரு பக்கம் கூடுதலாக இறங்கினால் கேன்களை நகர்த்திப் பாருங்கள்.
4. கரைக்கு அருகிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். உங்கள் கைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியும்.

கேன் செலவு கொஞ்சம்தான். தப்பான இடத்தில் வெட்டிய ஃபைபரை ஒட்டுவதுதான் பெரிய செலவு.

அலுவலகத்தில் கேட்க வேண்டியது

தமிழ்நாட்டில் மீன்பிடிப் படகுகள் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். படகின் அமைப்பை நிரந்தரமாக மாற்றும் முன் பதிவுச் சான்றோடு உங்கள் பகுதி உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீடு இருந்தால் அவர்களுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நாளைக்கு ஒன்று என்றால் ‘சொல்லவே இல்லையே’ என்ற பேச்சு வரக்கூடாது. மானியம் ஏதும் அப்போது நடைமுறையில் உள்ளதா என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம்.

கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. தொட்டி மூடியிலேயே பெயிண்டில் எழுதி வையுங்கள், எல்லார் கண்ணிலும் படும்.