காகிதத்தின் நார்வாக்கு

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் சாட்டியதும் தெருக்களில் காகிதத் தோரணம் ஏறும். முக்கோணமாக வெட்டிய கலர் பேப்பர், சணல் கயிறு, மைதாப் பசை, செலவு அவ்வளவுதான். ஒரே கை, ஒரே நாளில் ஒட்டியதாக இருந்தாலும், விடிந்து பார்த்தால் ஒரு வரிசை நேராகத் தொங்கும், அடுத்த வரிசை நுனி சுருண்டு கயிற்றைத் தொடப் பார்க்கும். பசையையும் பனியையும் குறை சொல்வார்கள். அது பாதிதான் சரி. காகிதத்துக்குள் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் மீதிக் காரணம் இருக்கிறது.

ஆலையில் காகிதக் கூழ் என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். நூறில் ஒரு பங்கு நார் இருந்தாலே அதிகம். மரக்கூழானாலும், கரூர் பக்கம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை பயன்படுத்தும் கரும்புச் சக்கையானாலும் இதுதான் கதை. ஓடிக்கொண்டிருக்கும் வலையின் மேல் கூழ் பாய்கிறபோது, வாய்க்காலில் மிதந்து வரும் வைக்கோல் போல நார்கள் ஓட்டத்தின் போக்கிலேயே திரும்பிக்கொள்கின்றன. தண்ணீர் வடிந்து காய்ந்த பிறகும் அந்த வரிசை மாறுவதில்லை. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் செய்வது போன்ற கைக்காகிதத்தில் இந்த வாக்கு அநேகமாக இல்லை. சட்டத்தில் கூழை அள்ளிக் குலுக்குவதால் நார் நாலா பக்கமும் சிதறிப் படிகிறது.

ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக வளராது, பருமனில்தான் ஊதும். அதனால் காகிதமும் நார்வாக்குக்குக் குறுக்கேதான் விரிகிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சின்னச் சதுரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் ஈர விரலால் தடவினால் அது குழலாகச் சுருளும். குழல் எந்தப் பக்கம் நீளுகிறதோ அதுதான் நார்வாக்கு. கிழித்தும் பார்க்கலாம்: நாரோடு போனால் கிழிசல் நேராக இறங்கும், குறுக்கே போனால் கோணும்.

சிவகாசி அச்சகங்களில் இது விளையாட்டுச் செய்தி அல்ல. 1922-இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. பிறகு காலண்டரும் டைரியும் ஊரின் தொழிலாயின. ஆஃப்செட்டில் நான்கு மை ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். அந்த அச்சுக்கோ தண்ணீரும் தேவை. இடையில் தாள் ஒரு மயிரிழை விரிந்தாலும் காலண்டர் முருகனுக்கு இரண்டு உதடு வந்துவிடும். காற்றில் ஈரம் குறைந்தால் தாள் விரிவதும் குறையும்; வறண்ட வெயில் விருதுநகர் மாவட்டத்துக்குச் செய்த உபகாரங்களில் இதையும் சேர்க்கலாம்.

இனி தோரணத்துக்கு வருவோம். நார் மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டினால் இரவுப் பனியில் நுனி மேலே சுருளாது. பக்கவாட்டில் லேசாக வளைவதோடு சரி. முப்பது தாளை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுகிறவர்கள், அத்தனை தாளும் ஒரே வாக்கில் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சித்திரை முதல் நாள் பழத்தட்டைச் சுற்றி வைக்க விசிறிப் பூ எளிது. பழைய மாதக் காலண்டர் தாளே போதும். அது வழவழப்பாக இருப்பதற்குக் காரணம் மேலே பூசிய வெள்ளைக் களிமண். நாருக்குக் குறுக்கே மடித்தால் அந்தப் பூச்சு வெடித்து, மடிப்பெல்லாம் வெள்ளைக் கீறல் தெரியும். ஆகவே இரண்டு அங்குல அகலமும் அதைப் போல் பத்து மடங்கு நீளமும் உள்ள பட்டையை, நார் அகலவாக்கில் ஓடும்படி வெட்ட வேண்டும். அளவுகோல் வேண்டாம். பாதியாக மடித்து, அதைப் பாதியாக்கி, இப்படி ஐந்து முறை போனால் 32 சமப் பங்கு. முன்னும் பின்னுமாக மடித்து இரு முனையையும் ஒட்டி, நடுவை அமுக்கினால் வட்டப் பூ.

அளவுகோல் இல்லாமல் மடிப்பிலேயே கணக்குப் போடுவதை ஒரு புத்தகமாகவே எழுதியவர் தண்டலம் சுந்தரராவ். வருவாய்த் துறை அதிகாரி. காகித மடிப்பால் வடிவியல் கற்பிக்கும் அவருடைய ஆங்கில நூல் 1893-இல் சென்னையில் வெளிவந்தது. ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் க்ளைன் அதைக் குறிப்பிட, 1901-இல் சிகாகோவிலும் அச்சானது. ஐங்கோணம், எண்கோணம் எல்லாம் வெறும் மடிப்பில் வந்துவிடும். நம் பள்ளிகளில் அவர் பெயர் இவ்வளவு குறைவாகக் கேட்பது எனக்கு வியப்புதான்.

கிரேப் பேப்பர் தனி ரகம். ஈரத் தாள் சூடான உருளையில் ஒட்டியிருக்கும்போதே கத்தி விளிம்பால் வழித்தெடுப்பதால் அது சுருக்கம் சுருக்கமாக மடிகிறது. சுருக்கத்துக்குக் குறுக்கே இழுத்தால் நீளும், மறுபக்கம் நீளாது. இதழின் அடியிலிருந்து நுனிக்குச் சுருக்கக் கோடு ஓடும்படி வெட்டி, நடுவை இரு கட்டைவிரலால் பக்கவாட்டில் இழுத்தால் குழி விழும். ரோஜா இதழ் தயார்.

பந்தல் நடுவே தொங்கும் தேன்கூட்டு உருண்டைதான் எனக்குப் பிடித்தது. பட்டம் செய்யும் மெல்லிய தாளில் நாற்பது அரைவட்டம், விட்டம் ஆறு அங்குலம். நேர் விளிம்பிலிருந்து வளைவை நோக்கி, அங்குலத்துக்கு ஒன்றாக மெல்லிய பசைக்கோடு. அடுத்த தாளில் கோடுகள் முந்தைய கோடுகளின் நடுவே விழ வேண்டும். நாரும் பசைக்கோட்டின் வாக்கிலேயே ஓடட்டும்; அறைகள் அந்தக் கோட்டில்தான் வளைகின்றன. அடுக்கியபின் நேர் விளிம்பில் நூல் ஓட்டி, இரு புறமும் அட்டை ஒட்டி, சுற்றித் திருப்பி அட்டைகளைச் சேர்த்தால் உருண்டை விரியும். இங்கே மைதாப் பசை ஆகாது. அதன் ஈரம் மெல்லிய தாளில் ஊறி அடுத்த தாளையும் பிடித்துக்கொள்ளும். தோரணத்துக்கு மட்டும் அது போதும். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் பயந்து அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் வேண்டாம்.

அச்சகத்து வெட்டுத்துண்டுகளை எடைக்கு வாங்கிக்கொண்டால் இத்தனையும் சில்லறைச் செலவில் முடியும். பட்டாசு ஆலையில் கழித்த காகிதத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, மருந்துத் துகள் ஒட்டியிருக்கும். அக்கினிச்சட்டி வரும் தெருவில் தோரணத்தைச் சட்டியின் தணலுக்கு எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும்.